தெளிவாக வந்தால் 120 ரூபாய்

சென்னையின் மத்தியப் பகுதியில் இருந்த ஓர் ஆய்வு அலுவலகத்துக்கு, 2014-ல் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் தினமும் வந்து போனார்கள். வந்ததும் முதல் வேலை ஊதிக் காட்டுவது. டிராஃபிக் போலீஸ் வைத்திருப்பாரே, அதே மாதிரிக் கருவி. அடுத்து, அவரவர் பெயரில் இருக்கும் சேமிப்புப் பெட்டியில் அன்றைய வரும்படியிலிருந்து முடிந்ததைப் போடலாம். 

ஆய்வை நடத்தியவர் ஃபிராங்க் ஷில்பாக். அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர், பின்னர் எம்.ஐ.டி.யில் பொருளாதாரப் பேராசிரியர். குடி ஏழையின் பணத்தைக் கரைக்கிறது என்பது ஊருக்கே தெரியும். நஷ்டம் பாட்டில் விலையோடு நின்றுவிடுகிறதா, போதையில் எடுக்கும் முடிவுகள் மிச்சக் காசையும் கொண்டுபோகின்றனவா என்பதுதான் அவருடைய கேள்வி.

வெறும் கணக்கெடுப்பில் இதற்கு விடை கிடைக்காது. குறைவாகக் குடிப்பவர் கூடுதலாகச் சேமிக்கிறார் என்றால், அதற்குக் காரணம் குடி குறைந்ததா, அவருடைய சுபாவமா? அதனால் 229 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, மூன்று வாரம் சோதனை நடத்தினார். ஒரு பிரிவினருக்கு எப்படி வந்தாலும் 90 ரூபாய். இன்னொரு பிரிவினருக்குக் குடித்துவிட்டு வந்தால் 60, தெளிவாக வந்தால் 120.

காசு வேலை செய்தது, பாதிதான். பகல் குடி குறைந்தது. ஆனால் மொத்தமாகக் குடித்த அளவும் அதற்கான செலவும் ஏறக்குறைய மாறவே இல்லை. ஊதிக் காட்டிவிட்டுப் போய்க் குடித்தார்கள். சோதனை தோற்றது என்று இங்கேயே மூட்டை கட்டியிருக்கலாம். சேமிப்புப் பெட்டி வேறு கதை சொன்னது. தெளிவாக வரக் கூடுதல் காசு பெற்ற பிரிவினரின் சேமிப்பு, 90 ரூபாய் பிரிவினரைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. சாராயச் செலவு மிச்சமானதையோ வரும்படியையோ மட்டும் வைத்து இதை விளக்க முடியவில்லை. இடையில் எடுக்க முடியாதபடி பணத்தைப் பூட்டிவைக்கும் ஏற்பாடும் சிலருக்கு இருந்தது. தெளிவாக இருந்தவர்களுக்கு அந்தப் பூட்டின் தேவையும் குறைந்தது. காசை இறுக்கிப் பிடிக்கும் மனக்கட்டுப்பாடு போதையில்தான் கழன்றுகொள்கிறது என்ற முடிவுக்கு ஷில்பாக் வந்தார்.

ஆய்வின் சுவாரஸ்யமான பகுதி இனிமேல்தான். மூன்றாவது பிரிவினரிடம் முடிவை அவர்கள் கையிலேயே கொடுத்தார். உதாரணமாக, நிபந்தனையே இல்லாமல் 120 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம். அல்லது தெளிவாக வந்தால் 120, இல்லாவிட்டால் 60 என்ற கட்டுக்குள் வரலாம். கணக்குத் தெரிந்த எவரும் முதலாவதைத்தான் எடுப்பார். அதில் நஷ்டமே கிடையாது. ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கையில் வரும் காசை விட்டுக்கொடுத்தாவது கட்டுக்குள் வரத் தயாராக இருந்தார்கள். இவர்களின் ஒரு நாள் வரும்படியே அப்போது சுமார் 300 ரூபாய்தான்.

‘குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு’ என்று நாம் சொல்லிக்காட்டுகிறோம். அது குடிக்கிறவருக்கே நன்றாகத் தெரியும். தன் பேச்சைத் தானே நம்பாததால்தான், மீறினால் பணம் போகட்டும் என்று தனக்குத்தானே அபராதம் போட்டுக்கொண்டார்.

‘அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூ’ இதழில் 2019-ல் வெளியான இந்த ஆய்வு ஒரே தொழில் செய்யும் ஆண்களை மூன்றே வாரம் பார்த்தது. ஒரு வருடம் கழித்து என்ன ஆகும் என்று இதைவைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நம் ஊர் விவாதத்துக்கு இதில் ஒரு செய்தி உண்டு. பூரண மதுவிலக்கா, டாஸ்மாக்கா என்ற இரண்டிலேயே பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. 2016-ல் கடை திறக்கும் நேரம் காலை 10 மணியிலிருந்து பகல் 12-க்குத் தள்ளிப்போனபோது, அதைக் கண்துடைப்பு என்று தள்ளிவிடுவது சுலபமாக இருந்தது. எவ்வளவு குடிக்கிறார் என்பதோடு, கையில் காசு இருக்கும் நேரத்தில் தெளிவாக இருக்கிறாரா என்பதும் ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் தீர்மானிக்கிறது என்றால், கடை நேரத்தையும் மதுக்கொள்கையின் முக்கியக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.