உறுப்புக்கொடையும் சட்டப் பாதுகாப்பும்: வாழும் கொடையாளரை முன்வைத்து

முன்னுரை

இந்திய நாடாளுமன்றம் 1994ஆம் ஆண்டில் இயற்றிய மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1995 பிப்ரவரி 4 முதல் நடைமுறைக்கு வந்தது. மூளைத்தண்டு இறப்பை இறப்பாக ஏற்பதும் உறுப்பு வணிகத்தைத் தடுப்பதும் இதன் தலையாய நோக்கங்கள். முழு உடற்கொடை மாநில உடற்கூறியல் சட்டங்களின்கீழ் வருவதால், இக்கட்டுரை உறுப்புக்கொடையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கொடையில் தொடர்புடையோருள் யாரை இச்சட்டம் எவ்வளவு காக்கிறது என்பதே இங்கு ஆராயப்பெறுகிறது.

இறந்தோர், குடும்பத்தார், மருத்துவர்

ஒருவர் தம் வாழ்நாளிலேயே சாட்சியர் இருவர் முன்னிலையில் எழுத்துவழி இசைவளிக்கலாம். சாட்சியருள் ஒருவரேனும் நெருங்கிய உறவினராதல் வேண்டும். அளித்த இசைவைப் பின்னர் விலக்கிக்கொள்ளவும் அவருக்கு உரிமையுண்டு. இசைவு எதுவும் இல்லாதபோது, உடலைச் சட்டப்படி பொறுப்பில் கொண்டிருப்பவர் முடிவெடுக்கலாம். எனினும் நெருங்கிய உறவினர் எவரேனும் மறுப்பார் எனக் கருத இடமிருப்பின் உறுப்பை எடுத்தல் கூடாது. மூளைத்தண்டு இறப்பை நால்வர் கொண்ட மருத்துவக் குழு சான்றளிக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தல் விதி. சட்டத்தைப் பின்பற்றி நல்லெண்ணத்துடன் செயற்பட்டோர் மீது வழக்குத் தொடர இயலாது என்பதை 23ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. மருத்துவர் அச்சமின்றிப் பணியாற்ற இப்பிரிவே அரண்.

வாழும் கொடையாளர்

பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், கணவன் அல்லது மனைவி ஆகியோர் நெருங்கிய உறவினர் ஆவர். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் தாத்தா பாட்டியரையும் பேரப்பிள்ளைகளையும் இவர்களோடு சேர்த்தது. அன்பின் அடிப்படையில் கொடுக்க முன்வரும் பிறர், அனுமதிக் குழுவின் முன்ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். அறுவையின் விளைவுகளையும் இடர்களையும் கொடையாளருக்கு விளக்குவது மருத்துவரின் கடமை.

இவையனைத்தும் அறுவைக்கு முந்தைய பாதுகாப்புகள். அறுவைக்குப் பிந்தைய நிலை வேறு. கொடையாளர் இழக்கும் வருவாயை ஈடுசெய்வது, தடைசெய்யப்பட்ட 'கட்டணம்' ஆகாது என்று சட்டம் விலக்களிக்கிறது. ஆயினும் அதனைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று எவரையும் அது கட்டாயப்படுத்தவில்லை.

விற்றவரும் குற்றவாளி

உறுப்பு வணிகத்திற்கு 19ஆம் பிரிவு, 2011 திருத்தத்தின்படி, 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறையும் 20 இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. பணம் கொடுத்தவர், தரகர் ஆகியோருடன் பணம் பெற்றவரும் இப்பிரிவில் அடங்குவார். சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் கண்டு நிகழ்த்திய ஆய்வொன்று 2002இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளிவந்தது. அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். விற்ற பின் அவர்தம் குடும்ப வருவாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரும்பாலோரின் கடனும் தீரவில்லை. இத்தகையவர் தரகர்மீது முறையிட முன்வரின், தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொள்ள நேர்கிறது. மேலும், தனியொருவர் நேரே நீதிமன்றத்தை அணுகுமுன் உரிய அதிகாரிக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என 22ஆம் பிரிவு கூறுகிறது. இவ்விரு நிலைகளும் அவரது வாயை அடைக்கின்றன, பயன்பெறுவோர் தரகரே.

முடிவுரை

இச்சட்டம் இறந்தோரின் விருப்பத்தையும் மருத்துவரின் நல்லெண்ணத்தையும் தெளிவாகக் காக்கிறது. வறுமையால் உடலை இழந்தவரையோ தரகரோடு ஒரே தட்டில் நிறுத்துகிறது. கடனால் விற்றவரைச் சாட்சியாக ஏற்று அவருக்குத் தண்டனை விலக்களித்தல், வருவாய் இழப்பீட்டைக் கட்டாயமாக்குதல், அறுவைக்குப் பின் தொடர் மருத்துவக் கவனிப்பை உரிமையாக்குதல் ஆகிய மூன்றும் நிறைவேறினால்தான் இச்சட்டம் கொடையாளர்க்கும் உரிய காப்பாகும் எனலாம்.