நாற்பது வயதில் முதல் வகுப்பு

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்’ என்பதைப் பள்ளி நாட்களில் எத்தனையோ கட்டுரைகளுக்கு முதல் வரியாக எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறேன். அந்தச் சுவர் எந்த வயதில், எந்த இடத்தில் விரிசல் விடுகிறது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு என் தாயாருக்காக உடற்பயிற்சி வகுப்பு தேடி அலைந்தபோதுதான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அந்த அலைச்சலில் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன். நம் கல்லூரி மாணவர் பலருடைய வீட்டிலும் அதே வயதில் தாய் தந்தையர் இருப்பர். பேராசிரியப் பெருமக்களிலும் சிலர் அந்த வயதினரே. அவர்கள் இக்கட்டுரையைத் தம்மைப் பற்றி எழுதியதாகக் கொள்ளாமல், தமக்காக எழுதியதாகக் கொள்ள வேண்டுகிறேன்.

என் தாயாருக்கு வயது நாற்பத்தாறு. சிவகாசிக்கு அருகில் ஒரு பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறார். காலையில் வேன் ஏறினால் மாலையில் திரும்பும் வரை தரையில் அமர்ந்தே வேலை. ஒருநாள் மாலை வீட்டில் தரையிலிருந்து எழ முயன்றவர், சுவரைப் பிடித்து, பிறகு என் தோளைப் பிடித்து, மூன்றாம் முயற்சியில்தான் எழுந்தார். எனக்குப் பகீரென்றது. பட்டாசு அறையில் அமர்ந்திருப்பவர் விரைந்து எழ முடியாமல் போனால் அது வெறும் மூட்டுவலியன்று. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்ததை நம் வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. கால் வலிமை தீ விபத்தைத் தடுக்காது. அதற்கான பொறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆயினும் “ஓடு” என்று ஒரு குரல் எழுந்தால் ஓடுவதற்கு முதலில் எழ வேண்டுமல்லவா?

“அம்மா, நீ ஏதாச்சும் எக்சர்சைஸ் வகுப்புக்குப் போயேன்” என்றேன்.

“நாள் பூராவும் ஒடம்பைப் போட்டு முறிச்சுத்தான புள்ள வேலை பாக்குறேன். இதுக்கு மேல ஒரு எக்சர்சைஸ் கேக்குதா எனக்கு?” என்றார்.

நியாயமான கேள்விதான். இதற்கு விடை தெரியாமல் வகுப்பு தேடினால் தவறான வகுப்பில்தான் போய்ச் சேருவோம்.

லண்டன் மாநகரத்து மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே நிறுவனத்தார். ஒரே வண்டியில் பகலெல்லாம் பாடுபடுகிறவர்கள். ஆனால் இருக்கையிலேயே இருந்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. இருவரும் மாலையில் களைத்துத்தான் வீடு திரும்பியிருப்பார்கள். களைப்பு வேறு, பயிற்சி வேறு. சரம் பின்னும் என் தாயார், தீப்பெட்டி ஒட்டும் எங்கள் தெருப் பெண்கள், அச்சகத்தில் தாள் மடிப்பவர்கள் எல்லாரும் இந்த வகையில் ஓட்டுநர் இனத்தைச் சேர்ந்தவர்களே. விரலும் தோளும் கழுத்தும் ஓயாமல் உழைக்கின்றன. தொடையும் இடுப்பும் இதயமும் சும்மா இருக்கின்றன. நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுபவருக்கும் இதே கதைதான். அவருக்குக் கூலி சற்று அதிகம் என்பதே வேறுபாடு.

இனி உடலின் பக்கம் வருவோம். முப்பது வயதுக்குப் பிறகு தசையின் அளவு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு குறைகிறது என்பர். அறுபதுக்குப் பின் அந்தக் குறைவு இன்னும் வேகம் கொள்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் எலும்பின் அடர்த்தியும் சேர்ந்து குறைகிறது. இரத்தச் சர்க்கரையைப் பெருமளவில் எடுத்துக்கொள்வதும் தசையே. சுருங்கி விரியும் தசை இன்சுலினை எதிர்பாராமலேயே குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்ளும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. தசையைப் பேணுவதென்பது பயில்வான்களுக்கு மட்டும் உரிய காரியமன்று.

ஆனால் ஒரு நுட்பம் உண்டு. தசைக்கு இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் அது சில வாரங்களிலேயே வலுப்பெற்றுவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அது மெதுவாகத்தான் பழகும். நடுவயதில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூன்றாம் வாரத்தில் “எனக்கு வந்துவிட்டது” என்று கூட்டிச் செய்து குதிகாலிலோ தோளிலோ வலியை வரவழைத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். எனவே, எவ்வளவு செய்யச் சொல்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு மெதுவாகக் கூட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தே வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாங்கள் முதலில் போன இடத்தில் இதைப் பார்க்கத் தெரியவில்லை. பெரிய கண்ணாடி, பெரிய பாட்டுச் சத்தம். சேலையோடு வரக்கூடாது என்றார்கள். என் சுடிதாரை அம்மாவுக்குப் போட்டு அழைத்துச் சென்றேன். அவர் பட்ட கூச்சத்தை எழுதி முடியாது. பெயரையும் கட்டணத்தையும் கேட்டார்களேயன்றி, முழங்கால் எப்படி இருக்கிறது, இரத்த அழுத்தம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வயதுப் பெண்களோடு வரிசையில் நிறுத்திக் குதிக்கச் சொன்னார்கள். அம்மா நின்றபோது, “எல்லாரும் செய்கிறார்கள் பாருங்கள்” என்றார் பயிற்றுநர். மூன்றாம் நாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை; இரண்டு நாள் கூலியும் போயிற்று. “இதுக்குத்தான் சொன்னேன்” என்று அம்மா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அதன் பிறகுதான் நூலகத்திலும் கைப்பேசியிலும் தேடத் தொடங்கினேன். கனடா நாட்டில் 1970-களிலேயே, பயிற்சி தொடங்குமுன் ஒருவரிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகளை வகுத்து வைத்திருக்கிறார்கள். இதய நோய் என்று மருத்துவர் சொன்னதுண்டா? உழைக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா? சும்மா இருக்கும்போதே வலித்ததுண்டா? தலைசுற்றியோ மயங்கியோ விழுந்ததுண்டா? எலும்பு, மூட்டில் கோளாறு உண்டா? இரத்த அழுத்தத்திற்கோ இதயத்திற்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? செய்யக்கூடாது என்பதற்கு வேறு காரணம் ஏதும் உண்டா? இவ்வளவுதான். எதற்கேனும் ‘ஆம்’ என்றால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்க்கக் காசு கேட்பதில்லை. இந்த ஏழில் ஒன்றைக்கூடக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் வகுப்பின் வாசலோடு திரும்பிவிடலாம் என்பது என் கருத்து.

‘ஆசிரியர் பெரியவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. இங்கே கிருஷ்ணமாச்சார்யாவின் வரலாறு நினைக்கத்தக்கது. 1888-இல் பிறந்து 1989 வரை வாழ்ந்த யோக ஆசிரியர் அவர். 1930-களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்குக் கற்பித்தபோது தாவலும் வேகமுமான பயிற்சிகளைத் தந்தார். 1950-களில் சென்னைக்கு வந்த பின் நோயாளிகளும் நடுவயதினரும் நாடி வந்தபோது, அவரவர் உடலுக்கேற்ப ஆசனத்தை எளிதாக்கி, மூச்சோடு இணைத்துத் தனித்தனியே சொல்லிக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரமும் இவ்வழியிலேயே சென்றது. இன்னொரு மாணவரான பி.கே.எஸ். அய்யங்காரோ நாற்காலி, கயிறு, மரக்கட்டை ஆகியவற்றைத் துணையாக வைத்துக் கற்பித்தார். ஒரே ஆசிரியர் பத்து வயதுக்கு ஒன்றும் ஐம்பது வயதுக்கு வேறொன்றும் கற்பித்திருக்க, எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திக் குதிக்கச் சொல்வது எந்த மரபு?

நம் ஊர்ப்பக்கம் எளிதில் கிடைப்பவற்றைப் பார்ப்போம். தமிழகத்தின் பல சிற்றூர்களிலும் மனவளக்கலை மன்றங்கள் உள்ளன. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவி, எளிய முறை உடற்பயிற்சி என்னும் தொகுப்பை வகுத்தார். கை, கால், மூச்சு, கண் என்று தொடங்கி, கபாலபதி, மகராசனம், உடலைத் தேய்த்துவிடுதல், அக்குபிரஷர் எனச் சென்று ஓய்வில் முடிகிறது. குதிப்பதோ தலைகீழாக நிற்பதோ கிடையாது. ஒரு பயிற்சியையும் அறியாதவர் முதல் நாளே கூச்சமின்றிச் செய்யக் கூடியது என்பது இதன் பெருமை. சிலவற்றை எச்சரிக்கையோடு அணுக வேண்டும்: முழங்கால் வலி உள்ளவர் மண்டியிட்டு அமரும் நிலையைத் தவிர்த்து நாற்காலியில் அமரலாமா என்று கேட்க வேண்டும், இரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர் கபாலபதியை மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது. மற்றொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் பளு இல்லை. மூச்சு வாங்கும் வேகமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உழைப்பையும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் கேட்கிறது. ஆகவே இத்துடன் நடையும் கொஞ்சம் பளுவும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

நடைக்கு வகுப்பு வேண்டியதில்லை. விருதுநகரில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்போரைக் காலையில் காணலாம். (நடந்து முடித்த கையோடு எண்ணெய் பரோட்டாக் கடைக்குள் நுழைவோரையும் மாலையில் காணலாம். அது நம் ஊர்ப் பெருமை. அதில் நான் தலையிடவில்லை.) எவ்வளவு வேகம் என்று கேட்டால், பேச்சுக் கொடுக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. நம் மாவட்டத்து வெயிலில் ஏழு மணிக்குமுன் முடித்துக்கொள்வது நல்லது.

பளு என்றதும் அஞ்ச வேண்டாம். அமெரிக்காவில் 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் பத்துப் பேர் கால் தசைக்குப் பளுப் பயிற்சி தொடங்கினர். எட்டு வாரம் முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் கூடுவது நாற்பத்தாறில் கூடாதா? முதற்பளு நம் உடம்பின் எடையே. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கக் கூடாது. அது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

கடைசியாக எங்களுக்கு அமைந்த வகுப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு பள்ளி வளாகத்தில் மாலை நேரத்தில் நடத்துவது. பத்துப் பன்னிரண்டு பெண்கள். பாதிப் பேர் சேலையிலேயே வருகிறார்கள். முதல் நாள் சேர்ப்பதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். இது நல்ல வழக்கம். எந்த வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள், மறுத்தால் அதுவே ஒரு விடை. அப்படிப் பார்த்தபோது, ஒரு பெண் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். ஆசிரியை அவளை அவசரப்படுத்தவில்லை. வேறொருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு செய்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா என் காதில், “இங்கன சேத்து விடு” என்றார்.

ஆசிரியை அம்மாவை ஒரு நாற்காலியில் அமர்த்தி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொன்னார். ஐந்து முறை எழுந்ததும் நிறுத்தினார். “இன்னும் முடியும் டீச்சர்” என்றார் அம்மா. “முடியும்கிறப்பவே நிறுத்திரணும்மா. நாளைக்கும் நீங்க வரணும்ல?” என்றார் அவர். முதல் மாதம் முழுவதும் நாற்காலிதான். அடுத்த மாதம் அதைவிடத் தாழ்வான பலகை. பிறகு இரண்டு கைகளிலும் தண்ணீர்ப் புட்டி.

வலியைப் பிரித்தறியவும் அவர்தான் கற்றுக் கொடுத்தார். இரண்டு தொடையிலும் சமமாக, மறுநாளோ அதற்கடுத்த நாளோ தோன்றி, மூன்று நாளில் அடங்குவது தசை பழகும் வலி, நடந்தால் குறையும். ஒரு மூட்டில் மட்டும், செய்யும்போதே சுருக்கென்று வந்து, வீங்கினால் அது வேறு. அன்றே நிறுத்த வேண்டும். நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ அழுத்தம் வந்தால் வகுப்பு பற்றிய பேச்சே இல்லை, நேரே மருத்துவமனைதான்.

பிரேசில் நாட்டில் 51 முதல் 80 வயது வரையுள்ள இரண்டாயிரம் பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து, கை, முழங்கால் ஊன்றுதற்கெல்லாம் மதிப்பெண் குறைத்து, சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியாயிற்று. மதிப்பெண் குறைந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. மொத்தம் பத்து மதிப்பெண். எத்தனை ஊன்றல் அமரும்போதும் எழும்போதும் நேர்கிறதோ அத்தனை குறையும். அன்று மாலை என் தோளைப் பிடித்து எழுந்த அம்மாவுக்கு நான் அந்தக் கணக்கில் மதிப்பெண் போட்டுப் பார்க்கவில்லை, மனம் வரவில்லை. ஏழு மாதம் கழித்துச் சென்ற வாரம் போட்டுப் பார்த்தேன். அமரும்போது ஊன்றவில்லை. எழும்போது ஒரு கையை மட்டும் ஊன்றினார். “என்ன புள்ள, பாஸா?” என்று கேட்டுவிட்டு, வேனுக்கு நேரமாயிற்று என்று சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.