தட்டில் உள்ள இரும்பு இரத்தத்தில் சேருமா?

குனோங் ராபாட்டில் காலைப் பசியாறும் கடை ஒன்று. அப்பா தே குடிக்கிறார். மடியில் இருக்கும் இரண்டு வயது மகளுக்கும் கொஞ்சம் ஆற்றிக் கொடுக்கிறார். அன்போடு செய்வதுதான். ஆனால், அவள் சாப்பிட்ட தோசையிலும் சாம்பாரிலும் உள்ள இரும்புச்சத்தில் ஒரு பகுதியை அந்தத் தே வீணாக்கிவிடும்.

இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உருவாக இரும்பு தேவை. மூளை வளர்ச்சிக்கும் அது வேண்டும். பிறக்கும்போது குழந்தையின் உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பு ஏறக்குறைய ஆறு மாதங்களில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. எனவே, அதன் பிறகு உணவுதான் கைகொடுக்க வேண்டும். அமெரிக்கப் பரிந்துரைப்படி, 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை. வளர்ந்த ஆணுக்கோ 8 மில்லிகிராம் போதும்!

இரத்தசோகை நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. வெறுங்காலின் தோல் வழியே நுழையும் கொக்கிப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். மருத்துவர் சாமுவேல் டார்லிங் தலைமையிலான ராக்ஃபெல்லர் அறநிறுவனக் குழு, 1915 முதல் 1917 வரை மலாயா உள்ளிட்ட நாடுகளில் இதை ஆராய்ந்தது. கழிப்பறையும் காலணியும் வந்தபின் புழுவின் தொல்லை குறைந்தது. ஆனால், புழு இல்லாத குழந்தைக்கும் உணவுக் குறைவால் இரத்தசோகை வரலாம்.

இறைச்சி, மீன், ஈரலில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். கீரை, பருப்பில் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் சேராது. தேயிலையிலுள்ள பாலிஃபீனால்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வைட்டமின் சி அதைக் குடல் உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றும். ஆகவே, பருப்புச் சோற்றோடு கொய்யாவோ நம் தம்பூன் பம்ளிமாஸ் சுளையோ சேர்ந்தால் பலன் கூடும். சைவக் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம்.

ஒரு வயதுக்கு முன் பசும்பாலைக் குடிக்கக் கொடுக்கக்கூடாது. அதற்குப் பிறகும் நாளுக்கு இரண்டு கிண்ணம் போதும். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது.

முகம் வெளிறுதல், சோர்வு, பசியின்மை, மண் தின்னுதல் ஆகியவை தெரிந்தால் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரும்பு மாத்திரையை நாமாகக் கொடுக்கக்கூடாது. அளவு மீறினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

மாணவர்களே, நாளைக் காலை உங்கள் தம்பியோ தங்கையோ தே கேட்டால், ஒரு துண்டு கொய்யாவை நீட்டுங்கள்.