எல்லையோர நோயாளியும் மருத்துவமனை சர்வரும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே அமைந்த ஒற்றசேகரமங்கலம், பாறசாலை வட்டார மக்களின் மருத்துவத் தேவை ஒரே மாநிலத்துக்குள் அடங்கிவிடுவதில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைகளுக்குச் செல்பவர்கள், புற்றுநோய் என்றால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. எனப்படும் மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடுகிறார்கள். மார்த்தாண்டம் பக்கம் கட்டிக்கொடுத்த மகளின் பேறுகால விவரமோ தமிழக அரசின் பிக்மி எனப்படும் கர்ப்பிணிகள் பதிவில் ஏறுகிறது. இவ்வாறு ஒரே குடும்பத்தின் நோய் விவரம் இரு அரசுகளின் கணினிகளிலும் தனியார் ஆய்வகங்களின் கணினிகளிலும் சிதறிக் கிடக்க, அவற்றுள் காவல் தளர்ந்த இடம் எதுவோ அதுவே திருடனுக்கு வாசலாகிறது.

அந்த ஆர்.சி.சி.யின் சர்வர்கள் 2024 ஏப்ரல் இறுதியில் ரேன்சம்வேரால் தாக்கப்பட்டன. ரேன்சம்வேர் என்பது கணினிக்குள் புகுந்து கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் தீநிரல். கதிரியக்கச் சிகிச்சையில் எந்த இடத்தில் எவ்வளவு கதிர் பாய வேண்டும் என்ற திட்டமே கணினியில்தான் இருக்கிறது என்பதால், தாக்குதலைத் தொடர்ந்து அந்தச் சிகிச்சை தடைபட்டது. தகவல் பாதுகாப்பு என்பது கணினிப் பிரிவின் தனி வேலை அன்று, சிகிச்சையின் ஓர் அங்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தாக்குதல் எப்படிப் பரவுகிறது என்பதை டெல்லி எய்ம்ஸ் நிகழ்வு காட்டுகிறது. 2022 நவம்பர் 23 அன்று அங்கு ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பிரித்தல் என்றால், ஓ.பி. சீட்டு அச்சிடும் கணினியிலிருந்து ஸ்கேன் படங்களும் மருந்துக் குறிப்புகளும் உள்ள சர்வருக்கு நேர்வழி இல்லாதபடி இடையில் தடுப்பு அமைப்பது. தாக்குதலுக்கு உட்படாத ஒரு காப்பு சர்வரில் நகல் இருந்ததால்தான் அங்கு தகவல்களை மீட்க முடிந்தது.

பூட்டப்பட்ட தகவலை மீட்கலாம். வெளியே போன தகவலை மீட்க வழியில்லை. 2022 டிசம்பரில் தமிழகத்து மருத்துவமனை ஒன்றின் ஏறத்தாழ 1.5 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் டெலிகிராமில் விலைக்கு வந்ததாக இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்செக் வெளியிட்டபோது, அவை கசிந்தது மருத்துவமனையிலிருந்து அன்று, வெளி நிறுவனம் ஒன்றிலிருந்து என்று குறிப்பிட்டது. வங்கிக் கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எச்.ஐ.வி. முடிவையோ மனநல மருந்துச் சீட்டையோ மாற்ற முடியாது. ஒருவரை ஒருவர் அறிந்த சிற்றூரில் அது கல்யாணப் பேச்சையும் வேலையையும் தொட்டுவிடும்.

இத்தனைக்கும் பெரும்பாலான ஓட்டைகள் அடைப்பதற்கு எளியவை. ஒரே கடவுச்சொல்லை மூன்று ஷிப்டுச் செவிலியர்களும் பயன்படுத்துவது, அதை மானிட்டரின் ஓரத்தில் ஸ்டிக்கர் தாளில் எழுதி ஒட்டுவது, ஆய்வக முடிவைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஆகியவை கவனக்குறைவைவிட ஆள்பற்றாக்குறையிலும் அவசரத்திலும் பிறக்கும் வழக்கங்கள். ஆகவே செவிலியரைக் கடிந்துகொள்வது நியாயமாகாது. ஒவ்வொருவருக்கும் தனி நுழைவும், வலையோடு இணையாத தனி நகலும், அந்த நகல் உண்மையில் திறக்கிறதா என்ற சோதனையும் நிர்வாகம் பணம் ஒதுக்கிச் செய்ய வேண்டியவை.

சட்டமும் வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய காவல் வைக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகள், கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றி எளிய நடையில் தெரிவிக்கச் சொல்கின்றன. இது மத்திய சட்டம் என்பதால் பாறசாலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் ஒன்றே. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ பெறும் உரிமையையும் அச்சட்டம் தருவதால், அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தபின், கேரளத்தில் சிகிச்சை பெறும் தமிழ் நோயாளி, தன் விவரம் எதற்காகப் பெறப்படுகிறது என்பதைத் தமிழிலேயே தரும்படி ஓ.பி. கவுண்டரில் கேட்க முடியும்; கசிவுச் செய்தியும் அதே மொழியில் அவரைச் சென்றடைய இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும்.