வலை உருவாக்கத் தள மாற்றம்

வலை உருவாக்கத் தளம் என்பது ஒரு வலைச்செயலியை எழுதவும் இயக்கவும் பயன்படும் நிரல்மொழி, இயக்கச் சூழல், சட்டகம், தரவுத்தளம் ஆகியவற்றின் தொகுப்பாகும். பணியிடத்தில் இவற்றுள் ஒன்றையோ அனைத்தையுமோ விட்டு வேறொன்றுக்குச் செல்வது தள மாற்றம் எனப்படும். பயனருக்குப் பக்கம் முன்போலவே தெரியலாம். ஆனால் பல ஆண்டுகளாக எழுதிய நிரலைத் திருத்தவோ புதிதாக எழுதவோ வேண்டியிருக்கும்.

மாற்றத்திற்கான காரணங்கள்

ஆதரவு முடிவடைவது வலுவான காரணமாகும். பைத்தான் 2 மொழிக்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்றும், கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் சட்டகத்திற்கான ஆதரவு 2021 டிசம்பர் 31 அன்றும் முடிந்தன. அதன்பின் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டாலும் அவற்றை வெளியிட்டவர்களிடமிருந்து திருத்தம் வராது. பயன்பாடு பெருகி வழங்கிகள் திணறுவதும், அத்தளம் அறிந்த நிரலர்கள் கிடைக்காததும் பிற காரணங்கள். புதியது பலராலும் பேசப்படுகிறது என்பது மட்டும் போதிய காரணமன்று.

விக்கிப்பீடியாவின் அனுபவம்

2001இல் தொடங்கிய விக்கிப்பீடியா, பெர்ல் மொழியில் எழுதப்பட்ட யூஸ்மோட்விக்கி மென்பொருளில் இயங்கியது. அது பக்கங்களைத் தரவுத்தளத்தில் அல்லாமல் கோப்புகளாகச் சேமித்தது. கட்டுரைகள் பெருகியதால் 2002 சனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா பிஎச்பி, மைஎஸ்கியூஎல் ஆகியவற்றைக் கொண்ட புதிய மென்பொருளுக்கு மாறியது. அதுவும் சுமை தாங்காததால் அதே ஆண்டு சூலையில் மீண்டும் எழுதப்பட்டது. அதுவே பின்னர் மீடியாவிக்கி எனப் பெயர் பெற்றது.

2014இல் விக்கிப்பீடியா, பிஎச்பி நிரலை விரைவாக இயக்கும் பேஸ்புக்கின் எச்எச்விஎம் இயக்கச் சூழலுக்குச் சென்றது. வழங்கிகளின் சுமை குறைந்தது. ஆனால் 2015இல் வெளியான பிஎச்பி 7 தானே வேகம் பெற்றது. 2017இல் பேஸ்புக், எச்எச்விஎம் இனி தனது ஹேக் மொழியிலேயே கவனம் செலுத்தும் என அறிவித்தது. இதனால் 2019இல் விக்கிப்பீடியா பிஎச்பி 7க்கு மாறியது. வேகத்தில் பயன் தந்த தளமும், அதைப் பராமரிப்பவரின் தேவை மாறியதும் கைவிட வேண்டியதாயிற்று.

மொழியை மாற்றாத தீர்வு

பேஸ்புக் பிஎச்பியில் தொடங்கியது. பயனர் பெருகியபோது, இருந்த நிரல் முழுவதையும் வேறு மொழியில் எழுதவில்லை. பிஎச்பி நிரலை சி++ நிரலாக மாற்றும் ஹிப்ஹாப் கருவியை உருவாக்கி 2010இல் வெளியிட்டது. சிக்கல் எங்குள்ளது என அளந்தால், அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதே போதும் எனச் சில வேளைகளில் தெரியவரும்.

முடிவெடுக்கும் முறை

முடிவெடுக்கும் முன் பின்வருவனவற்றை ஆராய்தல் வேண்டும்:

* இப்போதைய தளத்தின் ஆதரவு எப்போது முடிகிறது?
* குறை தளத்தில் உள்ளதா, எழுதிய நிரலில் உள்ளதா?
* புதிய தளத்தைப் பராமரிப்பவர் யார், எதற்காகப் பராமரிக்கிறார்?
* பணியாளர்கள் அதைக் கற்க எவ்வளவு காலம் ஆகும்?
* மாற்றம் நடக்கும் காலத்தில் பழைய தளத்தை யார் கவனிப்பார்?

இறுதிக் கேள்வி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இரு தளங்களும் ஒரே நேரத்தில் இயங்கும் காலத்தில் வேலையும் இருமடங்காகும். இடரைக் குறைக்கப் படிப்படியாக மாற்றுவது நல்லது. விக்கிப்பீடியா 2014, 2019 ஆகிய இரு மாற்றங்களிலும் விரும்பிய பயனர்களுக்கு மட்டும் புதிய சூழலை முதலில் அளித்து, பின்னரே அனைவருக்கும் விரித்தது. இம்முறையில் பிழை தோன்றினால் பழைய தளத்திற்குத் திரும்பும் வழி இருக்கும்.