மரச் சாமான்களுக்கு மெழுகுப் பூச்சு: எதற்கு எது ஏற்றது?

போத்தனூர், வெள்ளலூர், செட்டிபாளையம் வட்டாரத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று பலமாக வீசும். சித்திரை வெயிலில் மரம் உலர்ந்து வெடிக்கும். ஐப்பசி மழையில் அதே மரம் ஈரத்தை இழுத்து ஊதும். கதவு அடைபடாமல் முரண்டுவதற்கும், மம்மட்டிப் பிடி வெடித்துக் கையைக் கிழிப்பதற்கும் இதுவே காரணம். வேலை மும்முரத்தில் பிடி முறிந்தால் ஒரு நாள் கூலி வீண். சிறிது மெழுகும் எண்ணெயும் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கும்.

மெழுகு வகைகள்

தேன்மெழுகு சுமார் 63 டிகிரி சென்டிகிரேடில் உருகும். கைக்கு இதமானது. ஆனால் வெயிலில் இளகித் தூசியைப் பிடிக்கும். மெழுகுவத்தி செய்யும் பாரபின் மெழுகு மலிவானது; எளிதில் தேய்ந்துவிடும். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். மிகக் கடினமானது. தனியே பூசினால் உதிரும் என்பதால் பாலிஷ்களில் கலந்தே பயன்படுத்துகின்றனர்.

எந்த மெழுகும் மரத்தின் மேலேயே நிற்கும். உள்ளே இறங்குவது எண்ணெய்தான். ஆகவே இரண்டும் சேர்ந்த பூச்சே நீடித்து உழைக்கும். எண்ணெயிலும் கவனம் தேவை. தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் காய்ந்து இறுகுவதில்லை. பழைய எஞ்சின் ஆயிலும் காயாது, கைத்தோலுக்கும் கேடு. காற்றுப் பட்டு இறுகும் ஆளி விதை எண்ணெயே ஏற்றது. பெயிண்டுக் கடைகளில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கேட்டு வாங்கலாம்.

தயாரிக்கும் முறை

தேன்மெழுகு 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு எடையில் எடுத்துக்கொள்ளவும். அலுமினியம் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டையும் இட்டு, அதைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்தினுள் வைத்து உருக்கவும். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பற்றும். ஆறியதும் களிம்பு போலாகும்.

நன்கு உலர்ந்த மரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்த பின், துணியால் மெல்லியதாகப் பூசவும். குறுக்கே அறுத்த முனைகள்தான் ஈரத்தை அதிகம் குடிக்கும். அங்கே இரண்டு மூன்று முறை பூசவும். கால் மணி நேரம் கழித்து மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும்; பிடியும் வழுக்கும். இரண்டு நாள் கழித்து மறுபூச்சு கொடுக்கவும். மாசி, பங்குனியில் ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தால் போதும்.

எதற்குப் பூசலாம்?

மம்மட்டி, அரிவாள், கோடரிப் பிடிகள், வீட்டின் உட்கதவுகள், அலமாரி, கட்டில் ஆகியவற்றுக்கு இது சாலச் சிறந்தது. மழையிலும் வெயிலிலும் நிற்கும் வாசற்கதவுக்கும் வண்டிக்கும் பெயிண்டே மேல். மெழுகு பூசிய மரத்தில் பின்னர் பெயிண்ட் ஒட்டாது. முதலிலேயே முடிவு செய்துகொள்ளவும். கடை எண்ணெயில் உலர்த்தும் ரசாயனங்கள் இருப்பதால் மாடு நக்கும் தொட்டிக்கு அதைப் பூசக் கூடாது. மெழுகு கரையானையும் தடுக்காது.

எச்சரிக்கை

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். சோளத்தட்டுப் போர் அருகே எறிந்தால் போரே எரிந்துவிடும். துணியைத் தண்ணீரில் நனைத்து, வெட்ட வெளியில் விரித்துக் காயவைத்த பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

தென்னந்தோப்பில் தேனீப் பெட்டி வைத்திருப்போர் மெழுகை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தேன் எடுத்த பழைய அடைகளைத் துணியில் கட்டிச் சுடுநீரில் அமிழ்த்தினால் மெழுகு மிதந்து வரும். ஆறியதும் வில்லையாக எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு மம்மட்டிப் பிடிக்குப் பூசிப் பாருங்கள். ஒரு மழைக்காலம் கழிந்ததும் அதன் பலன் தெரியும்.