குறிகளுக்குள் ஒரு தேடல்

கூகுள் விளம்பரக் கணக்கில் இரண்டு பட்டியல்கள் உண்டு. விளம்பரம் தருபவர் எழுதிவைத்த குறிச்சொற்கள் ஒன்று. மக்கள் உண்மையில் தட்டச்சிட்ட தேடல்கள் மற்றொன்று. பலர் முதல் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். காசு எங்கே போகிறது என்பதை இரண்டாவதுதான் காட்டும்.

குழந்தைகள் சைக்கிள் விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'குழந்தைகள் சைக்கிள்' என்ற குறிச்சொல்லை வெறுமனே எழுதினால் அது அகலப் பொருத்தம். 'சிறுவர் மிதிவண்டி' தேடுபவருக்கும் விளம்பரம் போகும். தொடர்புடையது என்று கூகுள் கருதினால் 'மூன்று சக்கர வண்டி' தேடுபவருக்கும் போகலாம். மேற்கோள் குறிக்குள் இட்டால் சொற்றொடர்ப் பொருத்தம்: முன்னும் பின்னும் 'விலை', 'சென்னை' என்று எது சேர்ந்தாலும், அந்தப் பொருள் தேடலில் இருந்தாக வேண்டும். சதுர அடைப்புக்குறி இட்டால் துல்லியப் பொருத்தம்.

ஆனால் இந்தத் துல்லியம் ஆண்டுக்காண்டு நெகிழ்ந்திருக்கிறது. எழுத்துப்பிழை, ஒருமை பன்மை வேறுபாடுகளை 2014இல் எல்லோருக்கும் கட்டாயமாகச் சேர்த்தார்கள். 2017இல் சொல் வரிசை மாறினாலும் பொருந்தும் என்றானது. 2018இல் ஒரே நோக்கமுள்ள வேறு சொற்களும் உள்ளே வந்தன. விளம்பரம் வர வேண்டாம் என்று நாம் தடுக்கும் எதிர்மறைச் சொற்களோ இன்றும் கறாரானவை. 'பழைய' என்பதைத் தடுத்தால் 'செகண்ட் ஹேண்ட்' தடைபடாது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பணம் கசியும் இடங்களில் இதுவும் ஒன்று.

கூட்டல் குறிதான் அதிகம் குழப்புவது. விளம்பரத்தில் அது 'இந்தச் சொல் கட்டாயம்' என்று பொருள்பட்டது, 2021இல் கைவிடப்பட்டது. உங்கள் இணையதளத்துக்குள் ஒருவர் தேடும்போது சர்வர் பதிவில் விழும் முகவரியிலோ அது வெறும் இடைவெளி. அங்கே தமிழைப் படிப்பதும் கடினம். 'சைக்கிள்' நமக்கு 4 எழுத்து. யூனிகோடில் 8 குறிகள். ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு விழுக்காட்டுக் குறியும் எண்ணோ எழுத்தோ இரண்டும் என 72 இடங்களுக்கு அந்த ஒரே சொல் நீளும். பதிவில் விழுக்காட்டுக் குறிகள் வரிசையாக வந்தால் கோப்பு பழுதாகிவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். குறிநீக்கம் செய்தால் உங்கள் வாசகர் தமிழில் என்ன தேடினார் என்பது தெரியவரும்.

ஒன்றைக் கவனியுங்கள்: போதிய அளவு பேர் தேடாத சொற்களை 2020 செப்டம்பர் முதல் கூகுள் விளம்பரக் கணக்கின் தேடல் பட்டியலில் காட்டுவதில்லை. பட்டியலில் உள்ள கிளிக்குகளைக் கூட்டினால் மொத்தத்தைவிடக் குறைவாக வருவது அதனால்தான்.